சேர்ந்து தொழில் கற்றுக்கொடுப்பது: ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் 26 வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ராணிப்பேட்டை சிப்காட் தொழில் வளாகத்திலும் வாலாஜா பக்கமும் உள்ள ஏழு சிறு பட்டறைகள் கூட்டாக நடத்தும் பழகுநர் (அப்ரெண்டிஸ்) பயிற்சியில் வகுப்பு எடுக்கிறேன். பட்டறைக்கு மூன்று பேர் என்று 21 பேர். எல்லோரும் ஒரே குழு. நாலு மாதத்துக்கு ஒரு பட்டறை என்று மாறி மாறிக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்று வருஷமாக ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முத்துக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு முதலாளி கேட்பார், ரேஷன் கடை வரிசையில் ஒரு பையனின் அம்மா கேட்பார். அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி வைத்தேன். எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

"ஐடிஐதான் இருக்கே சார், அப்புறம் இது எதுக்கு?"

ஐடிஐ கட்டாயம் வேண்டும். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவன் முதல் சில வாரம் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். ராவி முடித்ததும் மூலைமட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், சிலர் கண் கலங்குவார்கள். அந்தப் பொறுமையைப் பட்டறையில் யாராலும் கற்றுத்தர முடியாது. அங்கே லாரி வாசலில் நிற்கும்.

ஆனால் சான்றிதழ் வாங்கி வெளியே வருகிறவன் நேராகப் போய் வேலையைத் தனியாக இழுத்துப் போட்டுச் செய்ய முடிவதில்லை. இடையில் ஒரு வருஷம் தேவைப்படுகிறது. உண்மையான டிராயிங், உண்மையான கெடு, தப்பு செய்தால் உண்மையான நஷ்டம் என்று பழக வேண்டிய வருஷம் அது. அந்த ஒரு வருஷத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இந்தப் பகுதியில் தீராத சிக்கல். ஒரு சின்னப் பட்டறையால் தனியாகச் சுமக்க முடியாது. ஏழு பட்டறை சேர்ந்தால் முடிகிறது.

"ஒரே பட்டறையில இருந்து கத்துக்கினா ஆகாதா? எதுக்கு ஊர் ஊரா சுத்தணும்?"

ஒரு பட்டறையில் ஒரு வேலைதான் நடக்கும். எங்கள் ஏழில் ஒருவரிடம் தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் இருக்கிறது. இன்னொருவரிடம் கணினி ஓட்டும் சிஎன்சி லேத் இரண்டு. மூன்றாமவர் முழுக்க முழுக்க வெல்டிங். வெல்டிங் பட்டறையிலேயே வருஷம் முழுக்க இருந்தவனுக்கு, தகடு வளையும்போது எவ்வளவு நீளம் கூடும் என்ற கணக்கு தெரியாது. அதனால் தனக்கு வந்த தகடு ஏன் சரியாகப் பொருந்தவில்லை என்றும் தெரியாது. மூன்று இடம் பார்த்தவன் டிராயிங்கைக் கையில் வாங்கியதும் முழு வேலையையும் மனதில் ஓட்டிப் பார்க்கிறான்.

"நம்ம ஊர்ல கம்பெனி எங்க இருக்கு? எல்லாரும் ஸ்ரீபெரும்புதூருக்குத்தானே பஸ் ஏறுறாங்க?"

விடியற்காலை ஆற்காடு, காவேரிப்பாக்கம் சாலையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய வட ஆற்காடு தொழில் இல்லாத ஊர் அல்ல. 1971-ல் தொடங்கிய அரசு நிறுவனமான சிப்காட் ஆரம்பத்திலேயே அமைத்த தொழில் வளாகங்களில் ராணிப்பேட்டை ஒன்று. இங்கே பெல் (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை இருக்கிறது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் பிரசிபிடேட்டர், பெரிய விசிறிகள் எல்லாம் அங்கே செய்கிறார்கள். அதை நம்பிச் சுற்றிலும் தகடு வேலை, வெல்டிங் பட்டறைகள் பெருகின. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடுதலும் ஷூ தயாரிப்பும் வரிசையாக இருக்கின்றன. இப்போது நெமிலி பக்கம் பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலையும் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் தனித்தனி மாவட்டமாகிவிட்டன. வேலை தேடுகிறவனுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. குடியாத்தத்துப் பையன் ராணிப்பேட்டைக்கு வருவான், சோளிங்கர் பெண் ஆற்காட்டுக்கு வருவாள். பயிற்சியையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

"பல கம்பெனி சேர்ந்து பயிற்சி கொடுக்கச் சட்டத்துல இடம் இருக்கா?"

இருக்கிறது. 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, முதலாளிகள் தாங்களாகவோ, அங்கீகரிக்கப்பட்ட ஒரு முகமை வழியாகவோ சேர்ந்து பழகுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். புதிதாக யாரிடமும் சலுகை கேட்க வேண்டியதில்லை, சட்டத்தில் இருப்பதைப் பயன்படுத்தினால் போதும்.

அப்புறம், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணி, மொத்த ஆட்களில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். 40 பேர் உள்ள பட்டறை என்றால் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர்.

"எங்களாண்ட மொத்தமே 14 பேர். நாங்களும் சேரலாமா?"

தாராளமாக. 4 பேரிலிருந்து 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம், கட்டாயம் இல்லை. எங்கள் ஏழில் நான்கு பட்டறை இந்த அளவுதான்.

"மாசம் எவ்ளோ கைக்கு வரும்? பிஎஃப் பிடிப்பாங்களா?"

இது பையன்கள் கேட்பது. பழகுநருக்குக் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் அல்ல. 2019 விதிப்படி படிப்பைப் பொறுத்துக் குறைந்தபட்சம் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை. ஐடிஐ முடித்தவருக்கு 7,000. இதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம் போடும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். இது குறைந்தபட்சம்தான், கூடுதலாகத் தருவதை யாரும் தடுக்கவில்லை. எங்கள் குழுவில் பஸ் செலவு தனி.

பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் இல்லை. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஓவர்டைம் வாங்கக் கூடாது. அரசின் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை கொடுக்கச் சட்டம் விடாது. பயிற்சியின்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும்.

"எனக்கு இதுல செலவு எவ்ளோ ஆகும்? கணக்கா சொல்லுங்க."

ஐடிஐ முடித்த மூன்று பேரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,000 கணக்கில் மாதம் 21,000. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் ஆளுக்கு 1,500 ரூபாயை, அரசு நேரடியாகப் பழகுநரின் கணக்கில் போடுகிறது. அது போக உங்கள் பங்கு 16,500. பயிற்சி ஆசிரியருக்கு மாதம் 28,000 என்றால் ஏழு பட்டறைக்குப் பிரித்தால் 4,000. ஆக 20,500. எலக்ட்ரோடு, கட்டிங் வீல், பயிற்சிக்கு உடைசல் இரும்பு என்று சில்லறைச் செலவு தனியாக வரும்.

இது சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிலுக்கு என்ன வருகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு பட்டறைக்காரர் 40 இரும்பு ஃபிரேம்கள் செய்து அனுப்பி, எல்லாம் திரும்பி வந்தன. டிராயிங்கில் ஓட்டையின் அளவு எந்த விளிம்பிலிருந்து என்று குறித்திருந்ததை அவசரத்துக்கு வைத்த ஆள் தப்பாகப் படித்துவிட்டான். நாற்பதிலும் ஓட்டை 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அந்த ஒரு லாரி வாடகை, தகடு, இரவு வேலைக் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார்.

"பையன் கத்துக்கினு பக்கத்துக் கம்பெனிக்குப் பூட்டான்னா எங்க நஷ்டத்தை யார் தருவாங்க?"

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. பத்து முதலாளிகளில் ஒன்பது பேர் இதைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமலே தலையை ஆட்டுவார்கள்.

போவான். எல்லோரும் இல்லை, சிலர் போவார்கள். இப்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிப்காட்டில் கை நன்றாக ஓடுகிற வெல்டர் நாலு பேர் என்றால், பத்து பட்டறைகள் அந்த நாலு பேரைத்தான் துரத்துகின்றன. நீங்கள் 500 ரூபாய் கூடக் கொடுத்து இழுப்பீர்கள், அடுத்தவர் 1,000 கூடக் கொடுத்து இழுப்பார். வருஷக் கடைசியில் எண்ணினால் அதே நாலு பேர்தான், ஐந்தாவது ஆள் உருவாகவே இல்லை. "நான் கற்றுக்கொடுத்தால் அவன் அனுபவிப்பான்" என்று ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதால்தான் இந்த நிலைமை. தனியாகக் கற்றுக்கொடுக்கிறவருக்கு அந்தப் பயம் நியாயமானது. பக்கத்துப் பட்டறைக்காரரும் அதே செலவைச் செய்கிறார், அவர் கற்றுக்கொடுத்தவனும் நாளை உங்களிடம் வரலாம் என்றால் அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது. உங்களிடமிருந்து ஒருவன் போனாலும் ஏழு பட்டறைக்குள் எங்கேயாவதுதான் இருப்பான். இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வெளியிலிருந்து ஆர்டரும் தேடி வரும்.

இன்னொன்று. பையன்கள் ஏன் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். போன வருஷம் ஒருவன் 800 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போய்விட்டான். நல்ல கைக்காரன், எனக்கே வருத்தம். வழியில் பார்த்தபோது கேட்டேன். "அங்க அடுத்த தீபாவளிக்கு எவ்ளோ ஏறும்னு சொன்னாங்க சார். இங்க யாரும் எதுவும் சொல்லல" என்றான். 800 ரூபாய் ஒரு சாக்கு. தனக்கு அடுத்து என்ன என்று தெரியாமல் ஒரு வருஷம் நின்றதுதான் காரணம். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு தாள் அச்சடித்தோம். எந்த வேலையைத் தனியாகச் செய்யத் தெரிந்தால் எந்தப் படி, அந்தப் படிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று அதில் இருக்கிறது. சேருகிற அன்றே பையன் கையிலும் அவன் வீட்டார் கையிலும் கொடுத்துவிடுகிறோம்.

"போகாம இருக்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கலாமா? இல்ல, பாண்டு எழுதி வாங்கலாமா?"

சர்ட்டிபிகேட்டைத் தொடாதீர்கள். இதில் எனக்குக் கோபமே வரும். என்னிடம் படித்த ஒரு பையன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேர இடம் கிடைத்து நின்றான். ஐடிஐ முடித்தவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருந்த கம்பெனி "இன்றைக்கு, நாளைக்கு" என்று இழுத்தடித்தது. கடைசி நாள் போய்விட்டது. ஒரு வருஷம் வீண். சரிபார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலையை விட்ட பிறகு அதே தொழிலை வேறு இடத்தில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. முந்தைய பதிலில் சொன்ன அந்தத் தாள், பாண்டு பத்திரத்தைவிட அதிகம் பேரைத் தங்க வைத்திருக்கிறது.

"பையனைக் கத்துக்க அனுப்பினா, பெருக்கவும் டீ வாங்கவும் விடறாங்களே?"

நடக்கிறது. மறுக்க மாட்டேன். தன் மெஷினைத் தானே துடைத்து, சுற்றியுள்ள சுருள் துகளைக் கூட்டி அள்ளுவது பயிற்சியில் சேர்ந்ததுதான். கம்பெனி முழுவதையும் பெருக்குவது பயிற்சி ஆகாது.

எங்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் செய்த வேலை, பயன்படுத்திய கருவி, அளந்த அளவு எல்லாம் அவனே எழுத வேண்டும், மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை நான் புரட்டுவேன். தொடர்ந்து நாலு நாள் "லோடு ஏற்றினேன்" என்று இருந்தால் அந்தப் பட்டறைக்கு நேரில் போய்விடுவேன். ஒருமுறை ஒரு பையன் ஒரு வாரம் எதுவுமே எழுதவில்லை. கேட்டால், எழுத ஒன்றும் இல்லை என்றான். அந்த வெற்றுப் பக்கத்தைத்தான் முதலாளிகள் கூட்டத்தில் விரித்து வைத்தேன். அதற்குப் பிறகு அங்கே அப்படி நடக்கவில்லை.

"தோல் ஷாப்புக்கும் அனுப்புவீங்களா? உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?"

பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டது. எங்கள் குழுவில் தோல் பதனிடும் ஷாப் இல்லை. ஆனால் இந்த மாவட்டங்களில் தொழில் பயிற்சி என்று பேசினால் தோலைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. ஆபத்து உண்மைதான். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஷாப்களின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்தவர்கள், படுத்த இடத்திலேயே போய்விட்டார்கள். அதை மறந்துவிட்டுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க என்னால் முடியாது.

ஆகவே அனுப்புவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டதா? அபாயமான தொழிலில் அதற்குக் கீழே பழகுநராகச் சேர்க்கவே கூடாது. எந்தக் காரணத்துக்கும் கழிவுத் தொட்டிக்குள் இறக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா? அடியில் தேங்கும் விஷவாயு முதல் மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவனையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தங்குகிற இடம் எங்கே இருக்கிறது? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே ரசாயன அளவு பார்ப்பது, மெஷின் பராமரிப்பது, தோலைத் தரம் பிரிப்பது என்று மதிப்பான வேலைகள் இருக்கின்றன. தோல் வேலை என்றால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்பதும் அந்த அம்மாவின் கவலை. ஆம்பூர் ஷூ பல நாட்டு மனிதர்களின் காலில் இருக்கிறது. அதைச் செய்த கைக்கு எந்தக் குறையும் இல்லை.

"பொண்ணை வெல்டிங்ல சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். தூண்போல நிற்கும் போஸ்ட் பெட் மெஷினில் ஷூவின் மேல்பகுதியைத் திருப்பித் திருப்பித் தைக்கும்போது ஊசி விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரே சீராக ஓட வேண்டும். அந்தக் கண்ணும் கையும் உள்ளவருக்கு ஆர்கான் வெல்டிங் கை வராதா? எங்கள் குழுவில் நாலு பெண்கள். அதில் ஒருத்தி போடும் வெல்டிங்கைத்தான் புதுப் பையன்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறேன்.

பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இருட்டுவதற்குள் பஸ் ஏறக்கூடிய நேரம், இந்த இரண்டும் இல்லாமல் பெண்கள் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ள வேண்டாம். இன்னொரு தகவலும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் சேரலாம்.

"என் டிராயிங்கைப் பார்த்துட்டுப் போய் அடுத்த பட்டறையில சொல்லிடுவானே?"

வாடிக்கையாளர் பெயரும் விலையும் உள்ள தாளைப் பழகுநர் கையில் கொடுக்காதீர்கள். அளவு மட்டும் உள்ள பிரதி போதும். மற்றபடி நம் ஊரில் யார் யாருக்கு என்ன செய்து கொடுக்கிறார்கள் என்பது டீக்கடைக்கே தெரியும்.

"முதலாளிங்க எல்லாம் ஒண்ணா சேர்றது கூலியை ஏத்தாம அமுக்கத்தானே?"

ஒரு தொழிற்சங்கக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி, அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. முதலாளிகள் சேர்ந்து உட்காரும் இடத்தில் "இதற்கு மேல் யாரும் கொடுக்க வேண்டாம்", "என் ஆளை நீ எடுக்காதே" என்ற பேச்சு வரத்தான் பார்க்கும். எங்கள் முதல் கூட்டத்திலேயே வந்தது. அப்படிப் பேசி வைத்துக்கொள்வது தப்பு, உழைக்கிறவனுக்குச் செய்யும் துரோகம் என்று சொன்னேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

இப்போது எங்கள் வழக்கம் இது: குறைந்தபட்சம் எவ்வளவு என்று மட்டும் பேசலாம், அதிகபட்சம் பற்றிப் பேச்சே கூடாது. கூட்டத்தில் பழகுநர்களின் சார்பில் ஒருவர் உட்காருவார். மேலே சொன்ன அந்தத் தாள் எல்லோர் கையிலும் இருப்பதும் இதற்காகத்தான்.

"வடக்கே இருந்து ஆளுங்க வர்றாங்க. நம்ம பசங்களுக்கு மெனக்கெட்டுக் கத்துக்கொடுக்கணுமா?"

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள் நன்றாக உழைக்கிறார்கள். அவர்களைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பழகுநர் பயிற்சி அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், டிராயிங் வகுப்பில் பாதி இந்தியில்தான் பேசுகிறேன். ஆனால் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று காத்திருந்து ஒரு மாவட்டத்தின் தொழிலை நடத்த முடியாது. பத்து கிலோமீட்டரில் வேலையில்லாமல் ஒரு பையன் உட்கார்ந்திருக்கும்போது, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"20 வருஷமா வெல்டிங் பண்றேன். சர்ட்டிபிகேட் இல்லைன்னு கேட்டுல நிக்க வெக்கறாங்க. எனக்கு என்ன வழி?"

உங்களுக்காகவே, ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழி இருக்கிறது. அறிவிப்பு வரும்போது அனுபவச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். செய்முறையில் நீங்கள் எளிதாகத் தேறிவிடுவீர்கள், எழுத்துத் தேர்வுதான் பயமுறுத்தும். சனிக்கிழமை மாலை நான் எடுக்கும் டிராயிங், கணக்கு வகுப்பில் உங்களைப் போல மூன்று பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவருடைய மகனும் அதே வகுப்பில் பழகுநர். இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

"இப்படி வேற எங்கயாவது நடந்து ஜெயிச்சிருக்கா?"

கோயம்புத்தூரைப் பாருங்கள். போட்டிபோட்டு நூல் விற்ற மில்காரர்களே சேர்ந்து 1956-ல் சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். இன்றும் நடக்கிறது. தூரத்தில் ஒன்று சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவின் கென்டக்கி. அங்கே ஜார்ஜ்டவுன் ஊரில் உள்ள டொயோட்டா ஆலை, பழுதுபார்க்கும் ஆட்கள் கிடைக்காமல் 2010-ல் பக்கத்துக் கம்பெனிகளையும் கல்லூரியையும் சேர்த்து ஒரு கூட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. வாரம் இரண்டு நாள் கல்லூரி, மூன்று நாள் ஆலை, அதற்குச் சம்பளம். அது பல மாநிலங்களுக்குப் பரவியது. நம்மிடம் டொயோட்டா அளவுக்குப் பெரிய அண்ணன் யாரும் முன்னால் நிற்கவில்லை. அதனால் நாங்கள் ஒரு சனிக்கிழமை வகுப்பில் தொடங்கினோம்.

"பனப்பாக்கத்துல டாடா வந்துட்டா எல்லாப் பசங்களும் அங்க ஓடிட மாட்டாங்களா?"

2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டிய ஆலை அது. 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். பையன்கள் போகத்தான் செய்வார்கள். நல்ல இடம் கிடைத்தால் போகட்டும், என் மாணவன் அங்கே நிற்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கார் ஆலைக்குள் எல்லாமே செய்வதில்லை. பிராக்கெட், வேலைத் துண்டை அசையாமல் பிடிக்கும் ஜிக், ஃபிக்சர், மெஷின் பழுது வேலை எல்லாம் வெளியே வரும். அந்த வேலை நமக்கு வருமா, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடத்துக்குப் போகுமா என்பது, நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வெர்னியர் அளவுக்கருவியில் படித்து எழுதி வைக்கிற ஆள் நம் பட்டறையில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. டாடாவைக் கண்டு பயந்து கற்றுக்கொடுப்பதை நிறுத்தினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

"ஆர்டர் இல்லாம பட்டறை படுத்துட்டா பழகுநரை என்ன செய்யறது?"

ராணிப்பேட்டையில் இது அடிக்கடி வரும். மின் நிலைய ஆர்டர் குறைந்தால் துணைப் பட்டறைகள் ஒரேயடியாகப் படுத்துவிடும். தனிப் பட்டறையாக இருந்தால் பையனை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கூட்டாக இருப்பதால், இரண்டாவது கேள்வியில் சொன்ன சுற்றை முன்னதாகவே திருப்பி அவனை வேலை இருக்கும் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம். உதவித்தொகை நிற்பதில்லை. அந்த மாதத் தொகையை அவன் வேலை செய்யும் பட்டறை ஏற்றுக்கொள்ளும். பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை இல்லாமல் போன மாதமும் உண்டு. அப்போது சும்மா நின்ற மெஷின்களில் முழு நேர வகுப்பு நடத்தினோம். லேத்தைக் கழற்றி மாட்டினார்கள். ஆர்டர் இருக்கும்போது எந்த முதலாளியும் அதற்கு விடமாட்டார்.

"ஒரு பட்டறைக்காரர் மட்டும் கத்துக்கொடுக்காம ஆளை மட்டும் எடுத்துக்கினா?"

எடுக்கத்தான் செய்வார். அவர்மேல் வழக்குப் போட முடியாது, போடவும் வேண்டாம். எந்தப் பட்டறைக்கு எந்தப் பையன் என்று ஒதுக்கும்போது அந்த வருஷம் யார் எத்தனை நாள் உண்மையாகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நோட்டுகளிலிருந்து எண்ணிப் பார்க்கிறோம். கற்றுக்கொடுக்காதவருக்குக் கடைசியில்தான் கேட்கும் வாய்ப்பு. பையன்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதைவிட வேகமான செய்தி வேறு எதுவும் இல்லை.

"நாங்களும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். முதல்ல எங்க போகணும்?"

முதலில் பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். மூன்று பேர் சேர்ந்தால் போதும், ஏழு பேர் தேவையில்லை. ஒரு தாளில் யாரிடம் என்ன மெஷின், அது எந்த நேரத்தில் சும்மா நிற்கிறது, கற்றுக்கொடுக்கப் பொறுமை உள்ள மேஸ்திரி யார் என்று எழுதுங்கள். மூன்றாவதுதான் கடினம். நல்ல வேலைக்காரர் எல்லோரும் நல்ல ஆசிரியர் ஆவதில்லை. கேள்வி கேட்டால் எரிந்து விழாதவரைத் தேடுங்கள்.

அந்தத் தாளோடு உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போங்கள். பழகுநர் பதிவு, ஒப்பந்தம், அரசுப் பங்கு எல்லாம் இணையதளத்தில்தான் நடக்கும், எப்படி என்று அங்கே சொல்வார்கள். அப்படியே பக்கத்து அரசு ஐடிஐ முதல்வரையும் பாருங்கள். தேர்வு முடிந்து பையன்கள் கலைந்து போவதற்குள் போய்விடுங்கள். எங்கள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வாருங்கள். அரம் ராவும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும்.